சன்னது இல்லாத வக்கீல்

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்குச் செல்லும் சாலையில் காரியாபட்டியை அடைவதற்கு முன் ஆவியூர் வரும். அப்பகுதியில் உள்ள குறண்டி என்னும் சிற்றூரின் பெயர் தமிழ்ச் சமணர்க்குப் புதிதன்று. வெண்புநாட்டுக் குறண்டித் திருக்காட்டாம்பள்ளியின் ஆசிரியர் பெயர்களும் அவர்தம் மாணாக்கர் பெயர்களும் கீழக்குயில்குடிச் சமணர்மலையின் வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் காணப்படுகின்றன. திருச்சுழியை அடுத்த பள்ளிமடத்துக் கோவிற்கற்களிலும் அப்பள்ளியின் பெயர் படிக்கப்பட்டுள்ளது. அதன் வரலாறு பல மலர்களில் இடம்பெற்றுவிட்டது. அதே வறண்ட வட்டாரத்தில், அதே திருச்சுழியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மனு எழுதியும் வாதாடியும் வாழ்ந்த ஒருவரின் சட்டத்தொழிலைப் பற்றித் தனியே எழுதுவோர் அரியர். அவர் பெயர் சுந்தரமய்யர். உலகம் அவரை இரமண மகரிஷியின் தந்தையாக மட்டுமே அறியும். மகனின் புகழ் தந்தையின் தொழிலை மறைத்துவிட்டது.

அத்தொழிலை விளங்கிக்கொள்ள முதலில் நாட்டின் நிலையை அறிதல் வேண்டும். திருச்சுழியும் அருப்புக்கோட்டையும் இராமநாதபுரம் சமீனைச் சேர்ந்தவை. 1803ஆம் ஆண்டில் நிரந்தரக் குடியேற்றத்தின்கீழ் இராணி மங்களேசுவரி நாச்சியாருக்குக் கும்பினியார் சமீன் சன்னது வழங்கினர். அன்று முதல் சேதுநாட்டின் பழைய அரசுரிமை ஆண்டுதோறும் பேஷ்குஷ் செலுத்தும் சமீன் உரிமையாக மாறியது. இராமநாதபுரம் தனி மாவட்டமானது 1910இல். அதற்குமுன் இப்பகுதி மதுரை மாவட்டத்தில் இருந்தது. இன்றைய விருதுநகர் மாவட்டம் 1985இல் பிறந்தது. ஊர்கள் இருந்த இடத்திலேயே இருக்க, அவற்றின் மேலிருந்த கச்சேரிகளே மாறி மாறி வந்தன.

குண்டாற்றில் நீர் வந்தால் விளைச்சல். வாராவிடில் கண்மாய் வறளும். கரிசலிலும் செவலிலும் மானாவாரியாகப் பயிரிடும் குடியானவனுக்கு மழைக்கு அடுத்த அச்சம் காகிதத்தின்மேல்தான் இருந்தது. 1865ஆம் ஆண்டின் சென்னைக் குத்தகை வசூல் சட்டம், அதாவது அவ்வாண்டின் எட்டாம் சட்டம், நிலமுடையவரும் குடியும் பட்டாவும் முச்சலிகாவும் மாற்றிக்கொள்ள வேண்டும் என விதித்தது. சமீன் தரப்பு பட்டா கொடுக்க வேண்டும். குடி முச்சலிகா எழுதித்தர வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாமல் நிலமுடையவர் வாரமோ தீர்வையோ கேட்டு வழக்கிட இயலாது. பட்டாவில் கண்ட விகிதம் சரியில்லை என்று குடி கருதினால் கலெக்டரிடம் சுருக்க விசாரணைக்கு முறையிடலாம். ஏட்டளவில் நல்ல சட்டம் இது. ஆயினும் அதன் பயனைப் பெறக் குறித்த காலத்துள், குறித்த முத்திரைத்தாளில், குறித்த சொற்களில் மனு எழுத வேண்டும். கைந்நாட்டு வைப்பவன் எங்கே போவான்?

இதனோடு 1870ஆம் ஆண்டின் நீதிமன்றக் கட்டணச் சட்டம், 1877இன் பதிவுச் சட்டம், 1882இன் சென்னை வனச்சட்டம், 1886இன் ஆப்காரிச் சட்டம், 1889இன் உப்புச் சட்டம் என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. விறகு வெட்டுதல், கள் இறக்குதல், உப்பு அள்ளுதல், மனை எழுதுதல் ஆகிய எல்லாவற்றுக்கும் உரிமம், முத்திரை, அபராதம். சென்னை மாகாணத்தின் தொடக்ககாலச் சட்டங்களுக்கு ‘ரெகுலேஷன்’ என்றே பெயர். ஒழுங்குமுறைச் சட்டத் தகராறு என்று இன்றைய பெருநகர அலுவலகங்கள் தனித்துறையாகப் பேசுவது, அன்று ஒரு சிற்றூர்க் குடியானவனின் அன்றாட வாழ்க்கையாக இருந்தது. 1876 முதல் 1878 வரை வந்த தாது வருடப் பஞ்சம் மதுரை மாவட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. பஞ்ச காலத்தில் நிலுவையும் ஜப்தியும் களவு வழக்கும் பெருகுதல் இயல்பு.

இத்தகைய நாட்டில்தான் சுந்தரமய்யர் தொழில் கற்றார். வறுமையிற் பிறந்த அவர், பன்னிரண்டாம் வயதில் மாதம் இரண்டு ரூபாய்ச் சம்பளத்தில் ஒரு கர்ணத்திடம் எழுத்தராக அமர்ந்தார் என்று அவருடைய மகனின் வாழ்க்கை வரலாறு கூறுகிறது. கர்ணத்தின் கணக்கைப் பார்த்தவனுக்கு ஒரு கிராமத்தின் முழு உள்விவரமும் தெரியும். எந்த நஞ்சை யார் பெயரில் உள்ளது, எந்தப் புஞ்சைக்கு எவ்வளவு தீர்வை, எந்தக் கணக்கில் எங்கே திருத்தம் நேர்ந்தது என்பனவெல்லாம் அவன் கைவிரலில் இருக்கும். சட்டக் கல்லூரி தராத கல்வி இது. சில ஆண்டுகளில் அவர் மனு எழுதுபவரானார். பிறகு உள்ளூர் மாஜிஸ்டிரேட்டின் முன் வாதாட அனுமதி பெற்றார். பரீட்சை எழுதவில்லை, சன்னதும் பெறவில்லை. இத்தகையோரை அக்காலத்தார் தனி வக்கீல் என்றனர்.

சன்னது என்னும் சொல்லின்மேல் சற்றே நிற்கலாம். சமீன்தாருக்கு நிலத்தின்மேல் உரிமை தரும் பத்திரத்துக்கும் அதே பெயர். வக்கீலுக்கு வாதாடும் உரிமை தரும் பத்திரத்துக்கும் அதே பெயர். 1793இல் வங்காளத்தின் ஏழாம் ரெகுலேஷன் வக்கீல்களுக்குச் சன்னது முறையை வகுத்தது. சென்னையில் 1816ஆம் ஆண்டின் பதினான்காம் ரெகுலேஷன் வக்கீல்களைப் பற்றிய விதிகளைத் தொகுத்தது. 1846ஆம் ஆண்டின் முதலாம் சட்டம் எந்த நாட்டினரும் எந்தச் சமயத்தினரும் தகுதிச்சான்று பெற்று வழக்காடலாம் எனத் திறந்துவிட்டது. கட்டணத்தைக் கட்சிக்காரரும் வக்கீலும் தம்முள் பேசி முடித்துக்கொள்ளவும் இடமளித்தது. 1862இல் சென்னை உயர்நீதிமன்றம் தோன்றியது. 1865இலும் 1879இலும் வந்த சட்டத்தொழிலர் சட்டங்கள் பிளீடர், முக்தியார், வருவாய் முகவர் எனத் தொழிலரை வகைப்படுத்தின. சன்னதை ஆண்டுதோறும் முத்திரைத்தாளில் புதுப்பிக்க வேண்டும். தவறு செய்த பிளீடரை இடைநிறுத்தவும் நீக்கவும் முறை ஏற்பட்டது.

இவ்வளவு வேலிகளுக்கு இடையில் சன்னது இல்லாதவர் எப்படி வாதாடினார்? கள்ளத்தனமாக அன்று. குற்றவியல் நடைமுறைச் சட்டமே ஒரு திட்டிவாசலைத் திறந்து வைத்திருந்தது. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்காம் பிரிவு, ‘பிளீடர்’ என்னும் சொல்லுக்குப் பொருள் கூறுங்கால், சன்னது பெற்றோருடன், நீதிமன்றத்தின் அனுமதியோடு அவ்வழக்கிற்கென அமர்த்தப்படும் வேறெவரையும் அடக்கியது. அதற்கு முந்தைய சட்டங்களிலும் இத்தகைய இடம் இருந்தது. ஆகவே தனி வக்கீலைப் போலி வக்கீல் என்று கருதுவது பிழை. அவர் சட்டத்துக்கு வெளியே நின்றவரல்லர். அவருடைய உரிமை பத்திரத்தில் இல்லாமல், நீதிபதியின் வாய்மொழியில் இருந்தது.

தொழிலின் வலிமையும் நோவும் அங்கேதான். பரீட்சையில் தேறிய பிளீடர் பெருநகரை நாடிப் போனபோது, தனி வக்கீல் வழக்கு பிறக்கும் ஊரிலேயே இருந்தார். கட்சிக்காரரின் மொழி, சாதி, பங்காளிப் பகை, கண்மாய்ப் பங்கு எல்லாம் அவருக்குத் தெரியும். ஆயினும் அவர் எதிரே அமர்ந்திருந்த சப் மாஜிஸ்டிரேட் யார்? பெரும்பாலும் தாசில்தாரோ துணைத் தாசில்தாரோதாம். காலையில் கிஸ்தி வசூலிப்பவர் பிற்பகலில் குற்ற வழக்கு விசாரிப்பார். வருவாய்த்துறையின்மேல் குறை கூறும் ஒரு குடிக்காக வாதாடுபவர், அதே துறையின் அதிகாரி தரும் அனுமதியால்தான் நிற்க முடியும். சன்னது உள்ளவரை நீக்க விசாரணை வேண்டும். சன்னது இல்லாதவரை நீக்க முகச்சுளிப்பே போதும். நிர்வாகத்தையும் நீதியையும் பிரிக்க வேண்டும் என்று காங்கிரசின் தொடக்ககால மாநாடுகள் தீர்மானம் மேல் தீர்மானமாக நிறைவேற்றியதற்கு இத்தகைய சிற்றூர்க் கச்சேரிகளே காரணம். நாடு முழுமைக்கும் அப்பிரிவினையைச் சட்டமாக்கியது 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம்தான்.

சுந்தரமய்யர் இந்நிலையிலும் வளம் பெற்றார். திருச்சுழியில் அவர் கட்டிய வீடு இரு பகுதியாக அமைந்தது. ஒன்று குடும்பத்துக்கு, மற்றொன்று வந்தவர்க்கு. ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த அலுவலர்கள் தமக்கு வீடு அமையும்வரை அங்கே தங்கினர் என்பர். இதனை விருந்தோம்பல் என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் போற்றுகின்றனர்; அது உண்மையே. அனுமதியால் வாழும் ஒரு தொழிலுக்கு அலுவலரின் நல்லெண்ணம் தேவைப்பட்டது என்பதும் உண்மையே. இரண்டையும் ஒருசேரச் சொல்வதால் அவர் பெருமை குறைந்துவிடாது. வழிப்பறிக்காரர்களும் அவர் வண்டியை மறிக்காமல் விட்டனர் என்றொரு செய்தி உண்டு. குற்றவழக்கு நடத்தும் வக்கீலை எல்லாத் தரப்பாரும் அறிந்திருந்தனர் என்பதே அதன் பொருளாகலாம்.

இதே சேதுநாட்டிலிருந்து கடல் கடந்த வழக்கும் உண்டு. கணவனின் முன்னனுமதியின்றி, தாயாதியர் இசைவோடு விதவை மகவேற்பு செய்யலாமா என்பது வினா. மதுரைக் கலெக்டர் ஒருபுறமும் முத்துராமலிங்க சேதுபதி மறுபுறமுமாக நடந்த அவ்வழக்கில் இலண்டன் பிரிவி கவுன்சில் 1868இல் தீர்ப்பளித்தது. தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்காறு நூல்விதியினும் வலிது என்னும் நெறியை அத்தீர்ப்பு நிலைநாட்டியது. தென்னாட்டில் அத்தகைய மகவேற்பு செல்லும் என்றது. தமிழில் ‘வழக்கு’ என்ற ஒரே சொல் மரபையும் சுட்டும், மன்றத்தில் நிகழும் பிணக்கையும் சுட்டும். இராமநாதபுரம் வழக்கு அவ்விரு பொருளையும் ஒன்றாக்கிவிட்டது. சமணர்க்கும் இந்நெறி பயன்பட்டது. 1878இல் வடநாட்டுச் சமணக் குடும்பம் ஒன்றின் வழக்கில், மகனற்ற விதவை கணவனின் அனுமதியின்றியே மகவேற்கலாம் என்ற சமண வழக்காற்றைப் பிரிவி கவுன்சில் ஏற்றது. 1927இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் கட்டெப்பா எதிர் எரம்மா என்னும் வழக்கில் நீதிபதி குமாரசாமி சாஸ்திரி, சமணம் இந்து சமயத்தின் கிளை அன்று, அதன் தொன்மை தனி என்ற கருத்தை வெளியிட்டார். அதற்கு முந்திய ஆண்டில்தான் பாரிஸ்டர் சம்பத்ராய் ஜெயின் சமணச் சட்டத்தைத் தனிநூலாகத் தொகுத்து வெளியிட்டிருந்தார்.

பெரிய வழக்குகளுக்குப் பாரிஸ்டர்கள் கிடைத்தனர். திருச்சுழிக் குடிக்குக் கிடைத்தவர் சுந்தரமய்யரே. இரு வகை வழக்கும் ஒரே சமீன் எல்லைக்குள் பிறந்தவை என்பதை நினைத்தால் அவர் தொழிலின் இடம் புலப்படும்.

காலம் எத்திசையிற் செல்கிறது என்பதை அவர் குடும்பமே காட்டியது. அவருடைய தம்பி நெல்லையப்பையர் மானாமதுரையில் இரண்டாம் தரப் பிளீடர். அதாவது, பரீட்சை எழுதிச் சன்னது பெற்றவர். அண்ணன் நீதிபதியின் அனுமதியில் நின்றார். தம்பி அரசின் பத்திரத்தில் நின்றார். ஒரே தலைமுறையில் நேர்ந்த மாற்றம் இது. மற்றொரு சகோதரர் சுப்பையர் திண்டுக்கல்லிலும் பின்பு மதுரையிலும் வாழ்ந்தார். 1891இல் சுந்தரமய்யரின் மைந்தன் வெங்கடராமன் கல்விக்காகத் திண்டுக்கல் சென்றான். ஆங்கிலம் அறியாத மனுவெழுத்துக்கு இனி நாள் குறைவு என்பதைத் தந்தை உணர்ந்திருக்க வேண்டும்.

சன்னதின் எடை எத்தகையது என்பதற்குத் தெற்கே ஒட்டப்பிடாரத்தை நோக்கலாம். வ.உ.சிதம்பரம் பிள்ளையின் தந்தை உலகநாத பிள்ளையும் அங்கே வக்கீல்தான். மகன் பிளீடர் பரீட்சையில் தேறி ஒட்டப்பிடாரத்தில் தொழில் தொடங்கி, பின் தூத்துக்குடிக்குச் சென்றார். 1908இல் அரச வெறுப்பு வழக்கில் தண்டனை பெற்றபோது அவருடைய சன்னது பறிபோயிற்று. செக்கிழுத்து மீண்டவர் வறுமையில் வாட, பல ஆண்டு கழித்து வாலேஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. நன்றி மறவாத சிதம்பரம் பிள்ளை தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். ஒரு பத்திரம் திரும்பியதற்காகப் பிள்ளைக்குப் பெயர் சூட்டும் அளவுக்கு அதன்மேல் ஒரு குடும்பத்தின் சோறு தங்கியிருந்தது.

சுந்தரமய்யரிடம் பறிப்பதற்குப் பத்திரம் இல்லை. ஆயின் மரபுரிமையாக விட்டுச்செல்லவும் ஏதுமில்லை. 1892ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் அவர் மறைந்தார். கூட்டாளி இல்லை, இளைய வக்கீல் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. கட்சிக்காரரின் நம்பிக்கையும் மாஜிஸ்டிரேட்டின் அனுமதியும் அவர் ஒருவர்மேல் இருந்தவை, அவரோடே முடிந்தன. இரு பகுதி வீட்டில் விருந்தினரை வைத்துப் போற்றிய குடும்பம் இரண்டாகப் பிரிந்து உறவினர் வீடுகளைச் சேர்ந்தது. மூத்தவன் நாகசாமியும் வெங்கடராமனும் மதுரையில் சுப்பையர் வீட்டுக்குச் சென்றனர். தாய் அழகம்மாள் இளைய மகன் நாகசுந்தரத்தோடும் மகள் அலமேலுவோடும் மானாமதுரையில் நெல்லையப்பையரை அடைந்தார். தனியொருவரின் தொழிலாக நடக்கும் சட்ட அலுவலகங்கள் இன்றும் எல்லா ஊரிலும் உண்டு. அவற்றின் கணக்குப் புத்தகங்களும் பெரும்பாலும் இவ்வாறே மூடப்படுகின்றன.

தனி வக்கீல்களின் மேல் சட்டத்தின் பிடி அதற்குப்பின் இறுகிற்று. 1896இல் வந்த திருத்தம் வழக்குத் தரகர்களின் பட்டியலை நீதிமன்றங்கள் வெளியிட வழி செய்தது. தரகருக்கும் தனி வக்கீலுக்கும் இடையில் இருந்த கோடு மேலிடத்தார் கண்ணுக்கு மெலிதாகத்தான் தெரிந்தது. கட்சிக்காரரை ஏய்த்தவர்கள் அவர்களுள் இல்லை என்று சொல்வதற்கில்லை. சன்னது பெற்றவருள்ளும் இருந்தனர். 1926ஆம் ஆண்டில் பார் கவுன்சில் சட்டம் வந்தது. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டம் தரவேறுபாட்டை நீக்கி வழக்கறிஞர் என்ற ஒரே வகுப்பை நிறுவியது. ஆயினும் பழைய திட்டிவாசலை அச்சட்டமும் முற்றாக அடைக்கவில்லை. வழக்கறிஞர் அல்லாத ஒருவரைக் குறிப்பிட்ட வழக்கில் தோன்ற நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்று அதன் 32ஆம் பிரிவு கூறும். 1978இல் உச்சநீதிமன்றத்தில் அரிசங்கர் ரஸ்தோகி வழக்கில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் இதே பொருளை ஆராய்ந்து, அது கட்சிக்காரரின் உரிமை அன்று, நீதிமன்றத்தின் அனுமதியைப் பொறுத்தது என்று விளக்கினார். திருச்சுழியில் சுந்தரமய்யர் நின்ற இடமும் அதுவே.

1896 ஆகஸ்டு 29ஆம் நாள் வெங்கடராமன் மதுரை வீட்டை நீங்கித் திருவண்ணாமலை சென்ற வரலாறு அனைவரும் அறிந்தது. சட்டத்தொழில் வரலாற்றுக்கு உரியது அதன்பின் நிகழ்ந்த ஒன்று. இளந்துறவி திருவண்ணாமலையில் இருக்கும் செய்தி எட்டியதும், 1898இல் நெல்லையப்பையர் அங்கே சென்றார். அப்போது துறவி ஒரு மாந்தோப்பில் மௌனத்தில் இருந்தார். தோப்புக்காரர் எவரையும் உள்ளே விடவில்லை. முன்சீப் கோர்ட்டில் பழகிய பிளீடர் வாசலில் நின்றார். சட்டைப்பையில் ஒரு காகிதத் துண்டு இருந்தது, மை இல்லை. வேப்பங்குச்சியைச் சப்பாத்திக்கள்ளிப் பழச்சாற்றில் தோய்த்து, மானாமதுரை வக்கீல் நெல்லையப்பையர் தரிசிக்க விரும்புவதாக எழுதி உள்ளே அனுப்பினார். உள்ளே செல்வதற்கும் ஒரு மனு வேண்டியிருந்தது.

உள்ளே இருந்தவர் அதனை வாங்கிப் பார்த்தார். பின்புறத்தில் பதிவுத்துறை அலுவலகச் செய்தி ஏதோ எழுதப்பட்டிருந்தது. கையெழுத்து அண்ணன் நாகசாமியுடையது. அண்ணனுக்குப் பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்துவிட்டது என்பதை அதனாலேயே அறிந்துகொண்டார். மனுவின் முகப்போடு புறத்தையும் படிப்பது மனு எழுதுபவரின் வீட்டில் வளர்ந்தவர்க்கு இயல்பு போலும்.

அனுமதி கிடைத்தது. நெல்லையப்பையர் உள்ளே சென்று, துறவியாகவே இருக்கலாம், உறவினருக்கு அருகில் மானாமதுரையில் இருந்தால் தேவையானவற்றைக் கவனித்துக்கொள்ளலாம் என்று எடுத்துரைத்தார். கண்ணிமையும் அசையவில்லை. அவர் செய்தியை அழகம்மாளுக்கு அறிவித்தார். தாய் உடனே புறப்பட விரும்பினார். நாகசாமிக்கு அலுவலகத்தில் விடுப்பு வேண்டியிருந்தது. அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் இருவரும் திருவண்ணாமலைக்குப் பயணமாயினர்.